பச்சை பூசிய இடம்

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அவளுக்கு ‘மேப் மேடம்’ என்று பெயர். ஊரில் எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம் என்று வரைபடத்தில் வண்ணம் பூசுவது அவள் வேலை. மஞ்சள் என்றால் வீடு, சிவப்பு என்றால் கடை, பச்சை என்றால் பூங்கா. பச்சை விழுந்த மனையில் கோழிக்கூண்டு கட்டக்கூட அனுமதி கிடையாது.

அன்று மதியம் கட்டட அனுமதி கேட்டு லாண்ட்ரிக்கார அம்மா ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெகுகாலமாக வெளுத்துக் கொடுப்பவர். இனிமேல் துணியைத் திறந்தவெளியில் காயப்போடக் கூடாது, மூடிய அறை கட்டி இயந்திரத்தில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்.

“ஒரு சீல் வெச்சீங்கன்னா போதும் மேடம். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

மேப் மேடம் முகவரியைக் கணினியில் தட்டினாள். திரையில் அந்த மனை பச்சைப் பசேலென்று கிடந்தது.

“இது பார்க்னு இருக்கும்மா.”

“எது, என் இடமா?” அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்க புல்லு கூட மொளைக்காது மேடம். பூராவும் சோப்புத் தண்ணி.”

எங்கோ கணினியில் கோளாறு, நாலு எழுத்தைத் தட்டினால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மேப் மேடத்துக்குத்தான் விஷயம் தெரியும்.

வானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்து வரைபடம் போடுவார்கள். சந்தேகமான இடங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வண்ணம் பூச வேண்டும். வரைபடம் தயாரான சமயத்தில் ஒரு நாள் அவளை ஏற்றிக்கொண்டு இந்த அம்மாவின் தெருமுனை வரைக்கும் ஜீப் போனது. மழை. காலில் புதுச் செருப்பு வேறு. மடியிலிருந்த புகைப்படத்தில் அடர்ந்த பச்சை தெரிந்தது. பழைய தோப்பாக இருக்கும், இறங்குவானேன் என்று, ‘நேரில் பார்வையிட்டேன்’ எனக் குறித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஆட்சேபணை கேட்டு அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்தப் பலகைப் பக்கம் வருகிறவர்கள் கழிவறைக்குப் போகிறவர்கள் மட்டும்தான். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பச்சை சட்டமாகிவிட்டது.

நேரில் வந்து பார்க்கிறேன் என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, மறுநாள் போனாள்.

முற்றம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பச்சை நிழல்வலை. அதன் கீழே வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள். காக்கை எச்சம் துணியில் விழாமலிருக்கக் கட்டியதாம். மரம் என்று சொல்ல ஒரு குச்சி இல்லை. மேப் மேடம் அண்ணாந்து பார்த்தாள். அந்தப் புகைப்படத்தில் தான் கண்ட தோப்பின் அடியில்தான் நிற்கிறோம் என்று புரிந்ததும் காது மடல் சுட்டது.

அந்த அம்மா இருந்த ஒரே மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பெட்டி போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம், நமக்காக வெயிலில் வந்திருக்கிறார்கள் பார், ஆபீசர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பெருமை அடித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“யாரு மேடம் இப்படிப் பண்ணியிருப்பாங்க?”

“விசாரிக்கிறேம்மா,” என்றாள் மேப் மேடம்.

அன்று இரவு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவன் என்னவென்று கேட்டான். சொன்னாள். உடனே போய் உண்மையைச் சொல்லிவிடு என்றான். கொஞ்ச நேரம் கழித்து, சொன்னால் வேலைக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்றான். இரண்டாவதாகச் சொன்னதுதான் அவளுக்குள் தங்கியது.

மேலதிகாரியான துணை இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அந்த இடத்தில் பூங்கா வரப்போகிறது என்று கவுன்சிலர் ஏற்கெனவே மேடை போட்டுப் பேசிவிட்டாராம். பெஞ்ச் யார் வீட்டுக்கு எதிரே போடுவது என்று தெருக்காரர்களுக்குள் சண்டையே வந்துவிட்டதாம்.

“அந்தப் பகுதிக்குப் பூங்கா அவசியம்னு ஒரு வரி எழுதுங்க. தப்பு பாலிசி ஆயிடும். நீங்க போகலைன்னு வெளியில தெரிஞ்சா மொத்த மேப்பையும் சந்தி சிரிக்க வெச்சுடுவாங்க.”

அவள் அந்த வரியை எழுதினாள். நல்ல வரி. காற்றோட்டம், முதியோர் நடைப்பயிற்சி எல்லாம் அதில் இருந்தது. தட்டச்சு செய்யும்போது விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை என்பதுதான் அவளைப் பிற்பாடு அதிகம் உறுத்தியது.

விண்ணப்பம் கட்டட அனுமதி தரும் குழுவின் முன்னால் வந்தது. லாண்ட்ரிக்கார அம்மா மொடமொடவென்று பெட்டி போட்ட சேலையில் வந்து ஓரமாக உட்கார்ந்தார். துணை இயக்குநர் அந்த வரியை வாசித்தார். தலைவர், ஏதாவது சொல்லணுமா அம்மா என்று கேட்டார்.

“எனக்குப் பேசத் தெரியாது சார். இந்த மேடம் நேர்ல வந்து பாத்தாங்க. அவங்களைக் கேளுங்க, அவங்க சொன்னா சரி.”

எல்லாத் தலைகளும் திரும்பின. மேப் மேடம் எழுந்தாள்.

“இப்போ பார்த்தேன் சார். கலர் போடறதுக்கு முன்னாடி பார்க்கலை. போகாமலே போனதா எழுதினேன். அது தோப்பு இல்லை. துணி காயற வலை.”

துணை இயக்குநர் தன் பேனாவை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். யாரோ இருமினார்கள். கடைசியில் வரைபடத்தைத் திருத்தலாம் என்று முடிவானது. ஆனால் மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் ஆட்சேபணை, மேலிடத்து ஒப்புதல். மாதக்கணக்கில் இழுக்கும். ஆஸ்பத்திரி கொடுத்த கெடு அதற்குள் தாண்டிவிடும். அவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும் என்பதையும் தலைவர் சொல்லிவைத்தார்.

வராந்தாவில் அந்த அம்மா காத்திருந்தார்.

“நீல வலை வாங்கிக் கட்டியிருந்தா குளம்னு போட்டிருப்பீங்களா மேடம்?”

கேட்டவர் சிரிக்கவில்லை.

“என் இடத்துல உக்காந்திருந்தப்பவே தெரியுமா?”

“தெரியும்மா.”

“யாருன்னு கேட்டேனே.”

மேப் மேடம் தரையைப் பார்த்தாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் தனக்குத்தான் லேசாகும், இவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றியதால் விழுங்கிக்கொண்டாள்.

“அப்போ வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரியில வந்து இதையே சொல்லணும். நான் மட்டும் போய் ஆபீஸ்ல லேட் ஆகுதுன்னு சொன்னா, எல்லாரும் சொல்ற சாக்குன்னு நினைப்பாங்க.”

ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். மேப் மேடம் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இரண்டாம் முறை சொல்லும்போது சுலபமாக இருக்கும் என்று எண்ணியிருந்தாள். இல்லை. அந்த மனிதர், கெடுவை நீட்டும் அதிகாரம் தனக்கில்லை, நாளைக்குக் கண்காணிப்பாளர் வருவார், அவரிடம் சொல்லிப் பாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா, “நாளைக்கும் வரணும்,” என்றார்.

“வரேம்மா.”

“அவரு அவருக்கு மேல இருக்கறவரைக் கை காட்டினா?”

“அங்கேயும் வரேன்.”

அந்த அம்மா அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார், துணியில் கறை போயிற்றா என்று பார்ப்பதுபோல. பிறகு வண்டியின் கதவைத் திறந்தார். மேப் மேடமும் பின்னாலேயே ஏறப் போனாள்.

“இங்கிருந்து அழுக்குத் துணி ஏத்தணும் மேடம். இடம் இருக்காது. நீங்க பஸ்ல போயிடுங்க.”