பதிலுக்கு ஒரு ரிங்

"அந்த டையைத் தொடாதீங்க!"

தமிழில்தான் கத்தினாள் ஞானமணி. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சர்ச்சில் சவப்பெட்டியின் மேல் குனிந்திருந்த லொரெட்டா, வெள்ளைக் கையுறை போட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"கோணலா இருந்தது, மிஸஸ் ராஜ்," என்றாள் ஆங்கிலத்தில், மெதுவாக.

ஞானமணி கணவரின் டையை இழுத்தாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. அவள் இழுத்ததில்தான் கோணிக்கொண்டது.

முகமும் மழமழவென்றிருந்தது. கடைசியாக ஒரு தடவை தன் கையால் ஷேவ் செய்யலாமென்று அவருடைய ரேஸரைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். அதற்குள் இந்தப் பேட்டை சலூன்காரர் வந்து முடித்துவிட்டாராம். 'எங்க டாக்டர்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

எங்க டாக்டர்! அப்புறம் நான் யார்?

கிருபைராஜ் ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். கறுப்பின மக்களை ரத்த அழுத்தம் ஏன் இவ்வளவு இளவயதில் கொண்டுபோகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. ஹூஸ்டனின் கறுப்பினப் பேட்டையான தேர்ட் வார்ட் ஜனங்கள் ஆஸ்பத்திரியை நம்பவில்லை, சலூனை நம்பினார்கள். ஆகவே முடிவெட்டுகிறவர்களுக்கே பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த லொரெட்டா அவருடன் சேர்ந்து அந்த ஆராய்ச்சியை நடத்தியவள். இந்தச் சர்ச்சின் நர்ஸும்கூட. தமிழ் ஆராதனைக்கு இருந்ததோ ஒரு வாடகை ஹால்தான். 'அவர் எங்க ஆள்' என்று தேர்ட் வார்ட் சர்ச் அடக்க ஆராதனைக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அவருடைய சனிக்கிழமையெல்லாம் அவர்களுக்கே போனது. அதைக்கூட ஞானமணி பொறுத்துக்கொண்டாள்.

போனைத்தான் பொறுக்க முடியவில்லை.

தினமும் காலையில், புறநகர் பேர்லேண்டில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் போன் இரண்டு ரிங் அடித்து நின்றுவிடும். கிருபைராஜ் தன் அறைக்குள் போய்விட்டு வந்து டயலைச் சுழற்றுவார். எதிர்முனையில் ஒரு ரிங் போனதும் வைத்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். முகத்தில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு.

"யாருங்க அது?"

"ஆபீஸ் விஷயம், மணி."

வாயைத் திறக்காமலே முடிகிற ஆபீஸ் விஷயம்! முதுகுக்குப் பின்னால் டயல் திரும்பும் கரகரப்பைக் கேட்டுக் கேட்டே அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் பகலில் அதைச் சுழற்றினாள். "லொரெட்டா ஸ்பீக்கிங்" என்றது குரல். வைத்துவிட்டாள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை போனைக் கவிழ்த்து, அடியிலிருந்த சின்னச் சக்கரத்தைத் திருகினாள். மணிச் சத்தம் செத்தது. திங்கட்கிழமை காலை அவர் பேப்பர் படித்தார், காப்பி குடித்தார், கிளம்பிப் போனார். செவ்வாயும் அப்படியே. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை, கார் சாவியை எடுத்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக் கசிவு. கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆராதனை நடுவில், தமிழ்ச் சபையிலிருந்து வந்திருந்த அல்போன்சா காதோரம் கிசுகிசுத்தாள்.

"யாரு ஞானம் அவ? ஃபேமிலி வரிசையில உக்காந்துக்கிட்டு உன்னைவிட ஜாஸ்தி அழறா?"

"கூட வேலை பாத்தவங்க, அக்கா."

"கூட வேலை பாத்தவளா! எங்க வீட்டுக்காரரை ஆயில் கம்பெனியில லே-ஆஃப் பண்ணப்போ, கூட வேலை பாத்தவன் ஒருத்தன் எட்டிப் பாக்கல."

ஞானமணிக்கு அழுகை வரவில்லை. லொரெட்டாவின் அழுகையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. கோழி வறுவல், கீரை, சோள ரொட்டி. தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த ஞானமணியின் கையைப் பிடித்து, லொரெட்டா பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"துக்க வீட்டுக்காரங்களைப் பிரஷர் பாக்காம அனுப்பமாட்டோம். டாக்டர் ராஜ் கொண்டுவந்த வழக்கம்."

காற்று ஏறி, இறங்கியது. லொரெட்டா பட்டையைக் கழற்றவில்லை. அதைப் பிடித்தபடியே பேசினாள்.

"நான்தான் அவரைக் கொன்னுட்டேன், மிஸஸ் ராஜ்."

ஞானமணி நிமிர்ந்தாள்.

"எங்க ப்ரோக்ராம்ல பிரஷர் மாத்திரை சாப்பிடற ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோடி உண்டு. காலையில ஜோடி ரெண்டு ரிங் விடணும். மாத்திரை போட்டாச்சுன்னா பதிலுக்கு ஒரு ரிங். அவருக்கு ஜோடி நான். ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்துவார், தன் மாத்திரையை மறந்துடுவார். திடீர்னு நிறுத்தக் கூடாத மாத்திரை அது."

"மாத்திரையா? அவருக்கா?"

"அவர் விழுந்ததுக்கு முந்தின சனிக்கிழமை எங்களுக்குள்ள சண்டை. ஆராய்ச்சிக் கட்டுரையில சலூன்காரங்க பேரையும் போடணும்னேன். யுனிவர்சிட்டி ஒத்துக்காதுன்னார். திங்கட்கிழமை பதில் ரிங் வரல. கோவமா இருக்கார்னு நினைச்சேன். மறுநாளும் வரல. போகட்டும், எனக்கும் கோவம் வரும்னு விட்டுட்டேன். நேர்ல வந்து கதவைத் தட்டியிருக்கணும்."

மணியை நிறுத்தியது நான்தான் என்ற ஒரே வாக்கியம் போதும். இந்தப் பெண்ணின் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். ஞானமணி வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஜோடியா இருக்க... என்னை ஏன் கேக்கல?"

"வீட்டு ஆள் ஜோடியா இருக்கக் கூடாதுங்கறது அவர் போட்ட ரூல். வீட்டு ஆள் சொன்னா சண்டை வரும், வெளியாள் சொன்னா வெட்கம் வரும்னு சொல்வார்." லொரெட்டா கண்ணீரோடு சிரித்தாள். "அதோட, உங்களுக்குத் தெரிஞ்சா ஏதோ உப்பு மீனாம், காய வெச்சது, அதைக் கண்ணுலயே காட்டமாட்டீங்களாம்."

கருவாடு. ஆபீஸுக்குக் கொண்டுபோகக் கூச்சப்பட்டு, வீட்டில் மட்டும் அவர் ரசித்துத் தின்ற கருவாட்டுத் தொக்கு. அதையும் இவளிடம் சொல்லியிருக்கிறார்.

"உங்க பிரஷரும் அதிகமா இருக்கு," என்றாள் லொரெட்டா. "நாளைக் காலையில ரெண்டு ரிங் விடுவேன். எழுந்து ஏதாவது சாப்பிட்டா, பதிலுக்கு ஒண்ணு விடுங்க. சாப்பிடலேன்னா கிளம்பி வந்துடுவேன். இந்தத் தடவை காத்திருக்கமாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனைக் கவிழ்த்தாள். சக்கரத்தைத் திருக ஒரு விரல் போதுமாக இருந்தது.

காலையில் மணி அடித்தது. இரண்டு ரிங். நின்றது.

ஞானமணி ஒரு துண்டு ரொட்டியை நின்றபடியே தின்றாள். தண்ணீர் குடித்தாள். ரிசீவரை எடுத்து டயலைச் சுழற்றினாள். விரல் எங்கும் தடுமாறவில்லை.

எதிர்முனையில் ஒரு ரிங் போனது.

அவள் வைக்கவில்லை.