ஆமென் சொல்லாத காலை

காலை ஐந்து மணிக்கு அந்தச் சலவைக் கூடத்தில் விடிந்திருக்காது, வியர்த்திருக்கும். பிழிந்து வந்து விழுகிற மருத்துவமனை விரிப்புகள் ஈரத்தோடு ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் கனம். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சுருக்கம் நீவி, ஆவியில் கொதிக்கிற உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு விரிப்பு. முந்நூறாவதில் தோள்பட்டை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். அறுநூறாவதில் மறந்துபோகும்.

உருளைக்கு மேலே சுவரில் 'அவர் வருகிறார்' என்று ஒரு பலகை. மாட்டியவர் முதலாளி, சபையில் மூப்பர். பலகைக்குக் கீழே, கை பட்டால் உருளையை நிறுத்திவிடுகிற தடுப்புச் சட்டம் ஒன்று உண்டு. தொட்டதற்கெல்லாம் நிறுத்துகிறது என்று அதைத் தூக்கி, கம்பி போட்டுக் கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன், வரும் என்றார் முதலாளி. ஆக, அந்தச் சுவரில் வரவேண்டியவை இரண்டு.

ஐந்தரைக்கு ஜெபம். ஆறிப்போன உருளை திரும்பச் சூடேற முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் அதை நிறுத்துவதில்லை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கை ஓட வேண்டும். பெண்களும் பழகிவிட்டார்கள். விளிம்புத் தையலை விரலாலேயே தடவிப் பார்த்துக் கொடுப்பார்கள். ஜெபம் முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும். அதில் ஒரு குரல் கொதிகலனையும் மிஞ்சிக் கேட்கும். அதனாலேயே அவளுக்கு ஆமென் அக்கா என்று பெயர்.

அவள் நடிக்கிறவள் இல்லை. தேவ ராஜ்யம் வரும் என்று நிஜமாகவே நம்பினாள். பசித்தவர்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள், அழுதவர்கள் சிரிப்பார்கள், எண்ணூறு விரிப்பையும் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். அதற்காகக் காத்திருந்தாள். காத்திருக்கும் நேரத்தில் நாத்தனாருக்கும் அதே கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்து, தன் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க வைத்தாள்.

திங்கட்கிழமை ஜெபத்தில் முதலாளி பொறுமையைப் பற்றி விரிவாக வேண்டிக்கொண்டிருந்தார். ஆமென் அக்காவின் கையில் விரிப்பு வழக்கத்தைவிட ஒரு சுண்டு அதிகமாக இழுத்தது. "அண்ணி" என்று பக்கத்தில் ஒரு முனகல். ஜெபத்தில் பேசக் கூடாது என்பதால் அந்தப் பெண் அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். ஆமென் முடிந்ததும் பார்ப்போம் என்று அக்கா நினைத்தாள். அலறல் அதற்குப் பிறகு வந்தது. கொதிகலன்காரர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கியபோது நாத்தனாரின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை முதலாளி ஆமென் அக்காவை அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் நுனியில் உட்கார்ந்தாள். மேஜையில் ஒரு தாள். வேலை நேரத்தில் அந்தப் பெண் தூங்கிவிட்டதால் விபத்து என்று அதில் எழுதியிருந்தது. சாட்சி என்ற இடம் காலி. கூடத்தில் இருபத்து மூன்று பேரும் கண்ணை மூடியிருந்தபடியால், மூடிய கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

"அவளுக்கு ஏதாவது செய்யணும்னு எனக்கும் இருக்கும்மா. நீ கையெழுத்து போட்டாத்தான் செய்ய முடியும். போடலைன்னா உனக்கும் இங்க வேலை இருக்காது. நாளைக்குக் காலைல ஜெபம் முடிஞ்சதும் கொடு. பொறுமையா இருக்கிறவங்களுக்கு அவர் வரும்போது எல்லாம் சரியாயிடும்."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தவளைக் கொதிகலன்காரர் மறித்தார். சாமி கிடையாது என்று சொல்லித் திரிகிற மனுஷர். அழுத்தமானியைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க அனுமதி பெற்ற ஒரே ஆள்.

"ஒரே ஆள்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "முதலாளியும் தொறந்துதான் வெச்சிருப்பாரு, நீங்கல்லாம் மூடியிருக்கீங்களான்னு பாக்க. அந்தப் பொண்ணு துணி உருளையில மாட்டினதைப் பாத்தாரு, தாயி. பாத்துட்டு, சொல்லிக்கிட்டு இருந்த வாக்கியத்தை முடிச்சாரு."

ஆமென் அக்கா கையிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். அந்த வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தவர்களில் தானும் ஒருத்தி என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனாள். நாத்தனார் படுத்திருந்த விரிப்பில் அவர்கள் கூடத்து முத்திரை. ஓரத்தில் சுருக்கம். இது நாம போட்டது இல்லை அண்ணி, அடுத்த ஷிப்டுக்காரிங்க போட்டது என்று நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ராஜ்யம் வந்தா எனக்கு விரல் முளைக்குமா அண்ணி?"

"முளைக்கும்."

"அதுவரைக்கும்?"

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அந்த ஒற்றைச் சொல் செருப்புக்குள் கல் மாதிரி கூடவே வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வீட்டுக்குள் போகவில்லை. உடன் வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்குப் போய், நாளைக்கு ஜெபத்தில் கண்ணை மூட வேண்டாம் என்று கேட்டாள். துணி மடிக்கிறவள் ஒருத்தி, கர்த்தருக்குக் காத்திருக்கிறதுதானே அக்கா நம்ம வேலை என்று தயங்கினாள்.

"வீட்டுக்கு ஒருத்தர் வர்றாருன்னு தெரிஞ்சா கண்ணை மூடிக்கிட்டா உட்கார்ந்திருப்போம்?" என்றாள் ஆமென் அக்கா. "கூட்டிப் பெருக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்க மாட்டோம்? நான் அன்னைக்கு மூடிக்கிட்டு இருந்தேன்டி. கையில துணி இழுத்துது, இருந்தும் மூடிக்கிட்டு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை ஐந்தரை. முதலாளி தொண்டையைச் செருமினார். ஆமென் அக்கா விரிப்பைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள். உருளை ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஜெபத்தின்போது அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்தது அன்றுதான் முதல் தடவை; முதலாளிக்குத் தன் குரலே புதுசாகக் கேட்டிருக்க வேண்டும். வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

ஆமென் வரவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு பேரும் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெபம் முடிஞ்சிடுச்சும்மா."

"எங்களுக்கு முடியலைங்க ஐயா" என்றாள் ஆமென் அக்கா. "அந்தத் தடுப்புச் சட்டத்தை அவுத்துக் கீழ இறக்குங்க. இந்தத் தாள்ல நடந்ததை எழுதுங்க. நடந்தது உங்களுக்குத் தெரியும். அப்புறம் சொல்றோம் ஆமென்."

"இன்னைக்கே வேற ஆள் எடுப்பேன்."

"எடுங்க ஐயா. வர்றவங்களுக்கும் பத்து விரல்தான் இருக்கும்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தொலைபேசியில் சத்தமாகப் பேசுவது கேட்டது. வெளியே மருத்துவமனை வண்டி வந்து ஒலி எழுப்பியது. கேட்டைத் திறக்க யாரும் போகவில்லை. ஈர விரிப்புகள் மலையாகக் கிடந்தன. உருளை டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

அக்கா கேட்டைப் பார்த்தாள். ஆள் வரலாம், போலீஸ் வரலாம், நாளை இந்த வேலை இல்லாமலும் போகலாம். பக்கத்தில் நாத்தனார் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொதிகலன்காரர் கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார்.

"உமக்கென்னய்யா இங்க? நீர்தான் எதையும் நம்பாத ஆளாச்சே" என்றாள் அக்கா.

"காத்திருக்கத்தான் வந்தேன், தாயி. யாருக்காகங்கிறதை அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

வண்டி மறுபடியும் ஒலித்தது. மடிக்கிறவள் வந்து அக்காவின் மறுபக்கக் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கண்ணை மூடவில்லை.