முதுகு இறுக்கமாக ஒரு கோட்டு

கத்தரி பிடித்த நாளிலிருந்து தையல்காரனிடம் யாரும் இப்படி ஒரு கோட்டு கேட்டதில்லை.

"முதுகுல இறுக்கிப் பிடிக்கணும் டெய்லரே. குனிஞ்சா தையல் பட்டுனு விட்டுப் போகணும்" என்றார் மர முதலாளி.

ஊரில் முக்கால்வாசி வீட்டுக் கதவு அவர் கிடங்கு மரம்தான். போன மாதம்தான் வெள்ளைக்காரத் துரையின் சபையில் உறுப்பினராகியிருந்தார். தையல்காரர்கள் தெருவை இடித்து ரயில் பாதை போடலாமா என்று முடிவெடுக்க சபை நாள் குறித்திருந்தது. எதிர்த்துப் பேசுகிறேன் என்று தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால், தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையை விற்கப்போகிறவரும் அவர்தானே!

"மூச்சு விடவாவது இடம் வேணாமா முதலாளி? எதுக்கு இப்படி?" கேட்காவிட்டால் தலையே வெடித்துவிடும்போல இருந்தது அவனுக்கு.

அவர் குரலைத் தணித்தார். "வியாபாரத்துல குனிஞ்சு குனிஞ்சே பழகிட்டேன்யா. துரையைப் பாத்தாலே இடுப்பு தானா மடங்குது. குனிஞ்சுட்டா அப்புறம் எங்க எதிர்த்துப் பேசுறது? வாயே எழும்பாது."

அட, மனுஷன் இவ்வளவு உண்மை பேசுவாரா! தையல்காரனுக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. முதுகில் ஒரு நூல்கூடத் தளராமல் தைத்தான். பாவம், உட்காரவாவது சௌகரியமாக இருக்கட்டும் என்று கோட்டோடு சேர்த்துத் தைத்த வெள்ளைக் கால்சட்டையை முட்டியில் தாராளமாக விட்டான்.

"ஆமா, கோட்டு போட்டா முதுகெலும்பு முளைச்சிருமாக்கும்!" என்றாள் மனைவி.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. கடை போச்சுன்னா நாம நடுத்தெருவுலதான்."

சபை கூடிய அன்று வேலையே ஓடவில்லை. குனிவாரா, மாட்டாரா? மண்டை குடைந்தது. கடையைச் சாத்திவிட்டு சபை வாசலில் போய் நின்றான்.

சாயங்காலம் முதலாளி விறைப்பாகப் படியிறங்கினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு தையல்காரன் அவர் முதுகுப் பக்கம் ஓடினான். ஒரு தையல் விடவில்லை!

"குனியலை! எங்க முதலாளி குனியலை!" என்று கத்தியே விட்டான்.

முதலாளி திரும்பினார். மார்பில் புதுப் பதக்கம் மின்னியது.

"முதலாளி, எங்க தெரு...?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வண்டியேறினார். வெள்ளைக் கால்சட்டையின் இரண்டு முட்டியிலும் சபைக் கம்பளத்தின் சிவப்பு நூல் அப்பியிருந்தது.

மண்டிபோட வசதியாக முட்டியில் தாராளம் விட்டவன் தையல்காரனேதான்.