இரண்டு விநாடிக்குள் ஓர் எறிவு

"எனக்கு ஒரு விசயம் கேக்கோணும்."

"இப்ப கேளாதையும், சரணி."

"நான் என்ன கேக்கப்போறன் எண்டு தெரியுமோ?"

"தெரியும். அதுதான் சொல்லுறன். நீர் கேட்டா நான் உடன ஓம் எண்டிடுவன். பிறகு தம்பியை ஆர் பாக்கிறது? அவனுக்கு ஒரு வழி பிறக்கட்டும்."

"அதுக்கு எத்தினை வருசம் செல்லும்?"

"அவன் ஒழுங்காக் குந்தியிருந்தா, மூண்டு."

2010 மார்கழியில், சுவிசின் கூர் நகர ரயில் நிலைய மேடையில் அபிசன் இப்படிச் சொன்னபோது சரணியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே அவனைச் சூரிச் ரயிலில் ஏற்றிவிட்டாள். இப்போது மூன்றரை வருடம் ஓடிவிட்டது. சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. வைகாசி முடிவதற்குள் திரிம்பாக் கோவிலில் ஒரு மாப்பிள்ளையைக் காட்டப்போவதாக அம்மா நாள் குறித்திருந்தாள்.

குந்தியிருப்பது அபிசனின் தம்பி நிலக்ஷனின் வேலை. அவன் பேஸ்போலில் கேட்ச்சர். பந்தை அடிக்க நிற்பவனின் பின்னால், முகமூடியும் நெஞ்சுக் கவசமும் கட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை குந்தியிருந்து பந்து பிடிக்க வேண்டும். தாய் இறந்தபோது அவனுக்குப் பத்து வயது. அப்பா வேலைக்கென்று அலைய, அன்றிலிருந்து சோறு சமைத்ததும், பள்ளிக்கூடக் கடிதங்களுக்குக் கையெழுத்து வைத்ததும், மைதானத்துக்குக் கூட்டிப்போனதும் அபிசன்தான். ஜேர்மனியில் படிப்பும் பேஸ்போலும் சேர்ந்த ஒரு விடுதிப் பாடசாலை, வருடத்துக்கு ஒரே ஒரு கேட்ச்சரைச் சுவிசிலிருந்து எடுக்கும். அபிசன் சொன்ன 'வழி' அதுதான்.

அந்த ஒருவரைத் தேர்ந்து சொல்கிற மூவரில் சரணியாவும் ஒருத்தி என்பதுதான் வில்லங்கம். கூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்பவள். பெண்கள் அணியில் பத்து வருடம் கேட்ச்சராகக் குந்தியிருந்தவள். பட்டியலில் நிலக்ஷனின் பெயரைக் கண்ட அன்றே குழுவின் தலைவர் றோலன்டுக்கு போன் எடுத்து, தான் அவன் அண்ணனை விரும்புவதைச் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். அவனுக்கு நீ புள்ளி போடாதே, நாங்கள் இரண்டு பேரும் போடுகிறோம் என்றார். அவளுக்கும் அதுதான் நிம்மதி.

பிறகு நிலக்ஷனின் விண்ணப்ப டிவிடி வந்தது.

கேட்ச்சரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். எதிரணி ஓட்டக்காரன், அடி விழாமலே, மைதானத்தின் அடுத்த மூலையான இரண்டாம் தளத்தைத் திருட ஓடும்போது, பந்து கேட்ச்சரின் கையுறையில் விழுந்த கணத்திலிருந்து இரண்டாம் தளத்தில் நிற்பவனின் கைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? இரண்டு விநாடிக்குள் என்றால் பையன் கெட்டிக்காரன்.

டிவிடியைச் செய்தவர் நிலக்ஷனின் அப்பா குகதாசன். லாங்ஸ்ட்ராசத் தெருப் பக்கம் வீடியோக் கடை வைத்திருக்கிறவர். சூரிச்சில் அவர் கமரா போகாத தமிழ்க் கலியாணம் இல்லை, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு இல்லை. திரையில் முதலில் 'செல்வன் நிலக்ஷன்' என்று பொன்னெழுத்து மின்னியது. நாதஸ்வரம் முழங்கியது. இதய வடிவத்துக்குள் பையனின் முகம் சுழன்று வந்தது, மேலிருந்து ரோசாப்பூ இதழ் கொட்டியது. அதன்பின் ஒவ்வொரு எறிவும் மெதுவாக, மிக மெதுவாக. பந்து சோப்புக் குமிழி போல மிதந்து போனது.

றோலன்ட் நேரம் அளக்கும் கடிகாரத்தை அமத்தினார். "ஏழு விநாடி. ஓட்டக்காரன் வழியில் ஒரு கோப்பியும் குடித்துவிட்டுப் போகலாம்." டிவிடியை ஒதுக்கி வைத்தார். "எங்களைக் கேலி செய்கிறார்களா?"

புள்ளி போடத்தான் சரணியாவுக்குத் தடை, வாய் திறக்க இல்லை. இது கேலியே இல்லை என்றாள். எங்கள் ஆட்கள் ஒருவருக்கு மரியாதை செய்வது இப்படித்தான். பெரிய கணத்தை மெதுவாக்கிக் காட்டாவிட்டால் வீடியோக்காரருக்குத் தொழில் தெரியாது என்பார்கள். பையனை நேரில் கூப்பிட்டுப் பாருங்கள், சரியில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, டிராம் முடிகிற இடத்து மைதானத்துக்கு நாலு பையன்கள் வந்தார்கள். குகதாசன் கமராவோடும் முக்காலியோடும் வந்து வேலியருகே நின்றார்.

"மாமா, எல்லாத்தையும் ஏன் ஸ்லோ மோஷனில போட்டனீங்கள்?" என்றாள் சரணியா.

"அதுதானே பிள்ளை விசயம்! தாலி கட்டுறதையே நான் ரெண்டு நிமிசமாக்கித்தான் குடுக்கிறனான்."

"இவை நேரம் அளக்கிறவை. ஏழு விநாடி எண்டு எழுதிப்போட்டினம்."

குகதாசனின் முகம் கறுத்தது. "ஏழோ? ஐயோ, என்ர பிள்ளையை நானே கவுத்துப்போட்டனே!"

"அந்தப் பூவையெண்டாலும் விட்டிருக்கலாம் அப்பா," என்றான் பக்கத்தில் நின்ற அபிசன்.

"பூவில்லாமல் எப்பிடியடா விடுறது?" என்றவர், கமராவை மூடிவிட்டுப் புல்லில் இருந்துவிட்டார்.

முதலில் நிலத்தில் குத்தி எழும்பும் பந்துகள். பத்தில் ஒன்றையும் நிலக்ஷன் பின்னால் விடவில்லை. நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தான். பிடிக்கும்போது கை ஆடவில்லை. சரணியாவுக்கு இரண்டு பயம். இவன் இன்று தவறினால் இன்னொரு வருடம் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, தன்னால்தான் வென்றான் என்ற பேச்சு அவனுக்கு ஒருநாளும் வரக்கூடாது.

பிறகு எறிவு. முதலாவது பதற்றத்தில் மேலே போனது. இரண்டே கால் விநாடி. றோலன்ட் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது இரண்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"தம்பி! காலை முதல்ல திருப்பு, கை தானா வரும்!" என்று வேலிக்கு வெளியிலிருந்து அபிசன் கத்தினான்.

மூன்றாவது முறை, வந்தவர்களில் அதிவேகமாக ஓடுகிறவன் புறப்பட்டான். பந்து கையுறையில் 'டப்' என்று விழுந்தது. நிலக்ஷன் எழும்பியது யாருக்கும் தெரியவில்லை. எறிந்து முடித்து நின்றதுதான் தெரிந்தது. ஓட்டக்காரன் சறுக்கி வந்து சேர்ந்தபோது பந்து அவனுக்காகத் தளத்தில் காத்திருந்தது.

றோலன்ட் தன் கடிகாரத்தைப் பார்த்தார். குழுவின் மற்றவரின் கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தார். "ஒன்று தொண்ணூற்று மூன்று," என்றவர், நம்பாமல் இன்னொரு முறை எறியச் சொன்னார்.

ஒன்று தொண்ணூற்று ஒன்று.

மற்ற மூவரில் ஒருவனும் இரண்டுக்குக் கீழே வரவில்லை. மத்தியானத்துக்கு முன்னமே றோலன்டும் மற்றவரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். றோலன்ட் தானே நடந்து வந்து நிலக்ஷனின் கையைக் குலுக்கி, இடம் உனக்குத்தான் என்றார். நிலக்ஷன் முகமூடியை வானத்துக்கு எறிந்தான். அபிசன் வாசலைத் தேடாமல் வேலியால் ஏறிக் குதித்துத் தம்பியைத் தூக்கினான். குகதாசன் அழுகையும் சிரிப்புமாக, "ஏழு விநாடியை ரெண்டுக்குள்ள கொண்டுவந்திட்டான்!" என்று போகிற வருகிற சுவிஸ்காரருக்கெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பியை இறக்கிவிட்டு அபிசன் மூச்சு வாங்க வந்தான். "சரணி, நான் இப்ப—"

"பொறும். மூண்டரை வருசம் என்னைக் கேக்கவிடேல்ல. நான்தான் கேப்பன். அதுவும் உம்மட்டை இல்லை."

அவனைத் தாண்டி நேரே குகதாசன் முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நேரில பாருங்கோ எண்டு சொன்னது நீராம், றோலன்ட் சொன்னவர். உமக்கு என்ன பிள்ளை வேணும்? கேளும்!"

"மாமா," என்றாள் சரணியா, "உங்கட மூத்த மகனை எனக்குக் கட்டித் தாங்கோ."