நாற்பத்தேழாம் கட்டத்து மேகம்

கடலில் நாற்பத்தேழாம் கட்டத்தின் மேல் வந்து நின்ற மேகம் ஒன்பது வருடம் இடத்தை விட்டு நகரவில்லை. நடுவில் ஒரு வருடம் பெரும்புயல் வந்து துறைமுகத்துக் கூரைகளையெல்லாம் கடலில் கொண்டுபோய்ப் போட்டது. அப்போதும் இந்த மேகம் கொடியில் காயும் போர்வை மாதிரி ஓரம் கொஞ்சம் ஆடியதோடு சரி. அங்கே போய்ச் சேர அரை நாள் ஆகும், போகிற வழியிலும் மீன் கிடையாது என்பதால் படகுக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அதைத் தினமும் பார்த்தவள் ஒருத்திதான். அவளும் கீழேயிருந்து பார்க்கவில்லை, மேலேயிருந்து பார்த்தாள்.

மீன்வள அலுவலகத்தின் மாடி அறையில் அவளுக்கு வேலை. ஜன்னலின் ஒரு கதவு உப்புக்காற்றில் துருவேறி மூடாது. அதனால் வேலை முடிந்ததும் கணினியின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டுவிட்டுப் போவாள். காலையில் அந்தத் துண்டை எடுக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் கடவுளை நினைத்துக்கொள்வாள். பிறகு செயற்கைக்கோள் எடுத்த படம் வந்து இறங்கும். கடல் எங்கே பச்சையாக இருக்கிறதோ அங்கே கண்ணுக்கே தெரியாத பாசி மிதக்கிறது என்று அர்த்தம். பாசியைத் தின்னச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். அவள் படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பாள். 'மீன் உண்டு', 'மீன் குறைவு', 'குஞ்சு பொரிக்கும் இடம், மூடப்பட்டது'. மைக் பிடிக்கும் மைக்காரர் அதைத் துறைமுக ஒலிபெருக்கியில் வாசிப்பார். வானத்திலிருந்து சேதி வாங்கித் தருகிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் வானத்தக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த ஏற்பாடு மீனைக் காப்பாற்றத்தான் வந்தது. எங்கே குஞ்சு பொரிக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தைக் கொஞ்ச காலம் மூடிவைக்கலாம், மற்ற இடங்களில் அளவாகப் பிடிக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு தொடங்கினார்கள். ஆனால் மூட வேண்டிய இடத்தைக் காட்டுகிற விரல் போக வேண்டிய இடத்தையும் காட்டிவிடுகிறது. பச்சைக் கட்டங்கள் வருடத்துக்கு வருடம் பசித்த பிள்ளைகள் வழித்த தட்டுகள் போல ஆயின. வலையில் தின்ன உதவாத சொறிமீனும் பிளாஸ்டிக் பையும் ஏறின. தன் விரல்தான் அத்தனையையும் காட்டிக்கொடுத்தது என்ற நினைப்பு வானத்தக்காவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மேகம் மூடிய கட்டங்களுக்கு அவள் 'தெரியவில்லை' என்று எழுதுவது வழக்கம். செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியவில்லை என்பதே அவள் எழுதியதன் பொருள். கடலோடிகள் அதை மீன் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இது அவளுக்கே வெகுநாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த அவள் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. "மீன் தெரியலைன்னு நீயே சொல்ற எடத்துக்கு டீசல் எரிச்சுப் போக நாங்க என்ன கிறுக்கனுங்களா?" என்றான். அவள் வாயைத் திறந்தாள், பிறகு அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். மற்ற மேகங்கள் மறுநாளே கலைந்து உண்மையைக் காட்டிவிட்டன. நாற்பத்தேழு மட்டும் வெள்ளையாகவே நின்றது. அதன் ஓரங்களிலிருந்து நூல் போல ஒரு பச்சைக்கோடு அக்கம்பக்கத்துக் கட்டங்களுக்குக் கசிந்துகொண்டிருந்தது. இந்தக் கடலில் மிச்சமிருக்கும் மீனெல்லாம் அங்கேதான் குஞ்சு பொரிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ மேலேயிருந்து உள்ளங்கையால் மூடிவைத்திருப்பதாகவும் தோன்றியது. அந்தக் கட்டத்தை மூடும்படி அடுத்தடுத்து வந்த மூன்று அதிகாரிகளிடம் கேட்டுப் பார்த்தாள். படத்தில் தெரியாத இடத்தை மூட விதியில்லை என்று மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பொய் சொல்லவில்லை, திருத்தவில்லை, அவ்வளவுதான் என்று தினமும் கடவுளிடம் ஒப்புக்கொண்டாள்.

தம்பியை அவள்தான் வளர்த்தாள். இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை, இப்போது சொந்தப் படகு வைத்திருந்தான்; படகு கடலுக்குப் போன நாளைவிட மணலில் கிடந்த நாள்தான் அதிகம். வெளிநாட்டுக் கப்பலுக்கு ஆள் எடுக்கிற தரகர் அவன் வாசலுக்கு நடையாய் நடந்தார். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு நல்ல பருவம் கிடைத்தால் போகமாட்டேன் என்று தம்பி சொன்னான். அந்த நல்ல பருவம் எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் அது அவள் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

அப்போது நான்காவதாக ஒரு அதிகாரி வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நின்றுகொண்டே வாசித்த மைக்காரருக்குத் தன் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். வந்த வாரமே அந்த ஒரு சொல்லில் அவர் கண் நின்றது.

"தெரியவில்லைன்னு போட்டா ஒண்ணுமில்லைன்னு நெனச்சுக்குவாங்கம்மா. மேகம்னே எழுதுங்களேன். உள்ளதைத்தானே சொல்றோம்."

உள்ளதைச் சொல்லாதே என்று கடவுள் எங்கேயும் சொன்னதாக அவள் கேட்டதில்லை. 'மேகம்' என்று எழுதினாள். மைக்காரர் வாசித்தார். மற்ற கட்டங்களில் மேகம் வந்தது, போனது. நாற்பத்தேழில் மேகம், மறுநாளும் மேகம், வாரம் முழுக்க மேகம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் காது கொடுத்தார்கள். ஐஸ் ஆலைக்காரர், "ஊரெல்லாம் வெயில் கொளுத்துது, அங்க மட்டும் மேகத்துக்கு மாமியார் வீடா?" என்று கேட்டுச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. நேரே மாடியேறி வந்தான்.

"எத்தனை வருஷமாக்கா அங்க மேகம்?"

அவள் திரையில் படத்தை வேறு கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"அடியில என்ன இருக்கு?"

"தெரியலைடா."

"எந்தத் தெரியலை? கண்ணுக்குத் தெரியலையா, உனக்குத் தெரியலையா?"

அவள் துண்டை எடுத்துக் கணினியின் மேல் போட்டாள். பட்டப்பகலில் அவள் அதை மூடியதே அவனுக்குப் பதிலாகிவிட்டது. அவன் படியிறங்கும் சத்தம் கேட்டபோது, தம்பி ஊரோடு இருப்பான் என்று அவள் மனதின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அதற்காகவும் அன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

முதலில் தம்பியின் படகு போனது, மறுநாள் எல்லாப் படகும் போயின. மேகத்தின் அடியில் காற்று இல்லை என்றும், சத்தமில்லாமல் தூறிக்கொண்டே இருந்தது என்றும் போனவர்கள் சொன்னார்கள். அந்தத் தூறல் உப்புக் கரித்தது. படகு நகர முடியாத அளவுக்கு மீன் நின்றது. வலையைக் கண்டு ஓடவில்லை. மனிதனைக் கண்டு ஒன்பது வருடமானதால் பயம் மறந்து, கன்றுக்குட்டி மாதிரி படகில் வந்து முட்டியது. எல்லா மீனுக்கும் வயிறு நிறைய முட்டை. கரையில் ஐஸ் தீர்ந்தது, கூடை தீர்ந்தது, வாங்க ஆளில்லாமல் மணலில் கொட்டிக் குழிவெட்டி மூடினார்கள். மாடி அறையில் வானத்தக்கா ஈரத்துணி காய்வது போல அந்த வெள்ளை ஓரத்திலிருந்து சுருங்குவதைத் தினமும் பார்த்தாள். மேகம் பாதியான நாளில் அதிகாரி நாற்பத்தேழாம் கட்டத்தை மூடச் சொல்லி ஆணை போட்டார். அப்போதுதான் முதன்முறையாக அந்தக் கடல் படத்தில் தெரிந்தது. அது நீலமாக இருந்தது. பச்சை எங்கேயும் இல்லை. அவர் அவள் மேசைக்கு வந்து, ஜன்னல் கதவை மூடப் பார்த்துவிட்டு, முடியாமல் போனார்.

ஆணைக்கு முந்தின கடைசி நாட்களில் தம்பி வலையிலிருந்து முட்டை மீன்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான் என்று பக்கத்துப் படகுக்காரர்கள் சொன்னார்கள். "கடலுக்கு மிச்சச் சில்லறை குடுக்கறாரு தொரை," என்று கேலி செய்தார்கள். அவன் விட்ட மீன்கள் அடுத்த படகின் வலையில் போய் ஏறின. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் விட்டான். அதைக் கேட்ட அன்று வானத்தக்கா வெகுநேரம் அழுதாள். அழுது முடித்தபோது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. கடல் அப்படியேதான் இருந்தது.

அந்தப் பருவம் முடிந்த பிறகு எந்தப் பருவமும் வரவில்லை. தம்பி தரகரோடு போனான். அக்காவின் காலைத் தொட்டுவிட்டு, "சாப்பிடாம இருக்காதே," என்று மட்டும் சொன்னான். கப்பலிலிருந்து முதலில் பேசினான், பிறகு எப்போதாவது பேசினான், பிறகு பேசவில்லை. ஒலிபெருக்கியில் வாசிக்க 'மீன் இல்லை' என்ற ஒரே வரிதான் இருந்ததால் மைக்காரரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். படம் மட்டும் காலையில் தவறாமல் வந்தது.

ஒரு விடியலில் அந்த மேகம் கரைக்கு வந்தது. ஒரு வீட்டளவுக்குச் சுருங்கியிருந்தது. கன்றைப் பறிகொடுத்த பசு மாதிரி தெருத்தெருவாகத் தாழ்ந்து நகர்ந்து, வானத்தக்காவின் வீட்டுக்கு மேல் வந்து நின்றது. அன்றிலிருந்து அவள் வீட்டில் மட்டும் தூறுகிறது. உப்புத் தண்ணீர் என்பதால் வாசலில் வைத்த செடி கருகிவிட்டது, தாழ்ப்பாள் துருவேறிவிட்டது. அவள் கொல்லையில் ஒரு பாத்திரத்தை வைத்திருக்கிறாள். காலையில் அதில் ஒரு மீன்குஞ்சாவது நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பாள். இதுவரை தண்ணீர்தான். கவிழ்த்துவிட்டு மறுபடி வைக்கிறாள். எதிர்வீட்டுத் தையல்காரி யாரும் சொல்லாமலே தினமும் வந்து, ஈரத்துணிகளை எடுத்துப்போய்த் தன் மொட்டைமாடியில் காயப்போட்டு, மாலையில் மடித்துக்கொண்டு வந்து தருகிறாள். வரும்போது ஒரு குடம் நல்ல தண்ணீரும் கொண்டுவருவாள். தபால்காரர் அந்த வாசலுக்கு மட்டும் குடையை விரித்துக்கொள்வார்.

காலைப் படத்தில் தெருவின் நடுவே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி விழுந்தபோது, அது அவள் வீட்டுப் புள்ளி என்பதால் அதிகாரி தானே பட்டியலை எடுத்துக்கொண்டு, இதற்கு என்ன போடுவது என்று தயங்கிக்கொண்டே கேட்டார்.

"தெரியவில்லைன்னே போடுங்க சார்," என்றாள் வானத்தக்கா.

அவர் அப்படியே போட்டார். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.