வேதா விட்டுவைக்காத வலி

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், திருவண்ணாமலையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. (எது என்று கேட்காதீர்கள்.) பல் டாக்டரை வைத்துக் கொலைக்கதை எழுதும் உத்தேசத்தோடுதான் போனேன். முதல் வரிகூடத் தயார்:

'குறடு பளபளத்தது. டாக்டர் வேதா சிரித்தாள். அந்தச் சிரிப்பில்...'

அடித்துவிட்டேன். வேதா சிரிக்கவில்லை. "இந்த வேலையில திருப்தியா டாக்டர்?" என்று சும்மா கேட்டு வைத்தேன். சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

2

பல்லைக் காப்பாற்றப் படித்தவள், வருஷக்கணக்காகப் பிடுங்குகிறாள். சொத்தைப் பல்லின் நரம்பை எடுத்து, சுத்தம் செய்து, அடைக்க மூன்று தடவை வரவேண்டும். மூன்றாம் தடவை வந்த நோயாளி இதுவரை கிடையாது.

கூடப் படித்த ராஜேந்திரன் செங்கம் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தான். "எங்கிட்ட வந்துடு வேதா. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரன் சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கிறான். நம்மாளு அட்வான்ஸ் குடுத்துட்டா வந்துதான ஆவணும்? அங்க என்னாத்தக் கண்ட நீ?"

ஒரே ஒரு பல்லை முழுசாகக் காப்பாற்றிவிட்டால் இங்கேயே இருப்பது. இல்லையென்றால் ராஜினாமா. இது வேதா தனக்குத்தானே வைத்துக்கொண்ட நிபந்தனை.

3

அந்தப் பல் வள்ளியுடையது. கீழ்பென்னாத்தூர்க்காரி, கடலைக் கொல்லையில் கூலி, முன்பல். முதல் நாளே நரம்பை எடுத்ததும் வலி பறந்தது. கும்பிட்டுவிட்டுப் போனவள் திரும்பவில்லை.

[இங்கே சஸ்பென்ஸ் வைக்கலாம்: வள்ளி எங்கே? எங்கேயும் இல்லை, கொல்லையில்தான்.]

அறுவடை முடிந்து, கன்னம் வீங்கி வந்தாள்.

"ஏம்மா வரல?"

"வலிதான் போயிடுச்சே டாக்டரம்மா, அப்புறம் எதுக்கு வர்றது? பேசாம பிடுங்கிடுங்க."

பிடுங்கினாள்.

உதவியாளர் சடையன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தப்பு உங்க மேலதாம்மா. அங்க கிளினிக்குல அட்வான்ஸ் புடிச்சி வெக்கிறாங்க. நீங்க வலியில கொஞ்சம் புடிச்சி வையுங்க. தானா வருவாங்க."

4

வேதா அன்றே ராஜினாமா

இல்லை. மறுநாள் ஆராயி வந்துவிட்டாள். அவளும் கூலிக்காரி, அவளுக்கும் காப்பாற்றக்கூடிய பல். வேதா என்னிடம் சொன்னது இதுவரைதான்; முடிவு என் பாடு.

முடிவு ஒன்று: நரம்பில் கொஞ்சம் விட்டு அனுப்புகிறாள். ஆராயி ராவெல்லாம் துடித்துத் திரும்பி வருகிறாள். பல் பிழைக்கிறது, வேதா தங்குகிறாள். அதற்குப் பெயர் திருப்தியா?

முடிவு இரண்டு: முழுசாக எடுக்கிறாள். ஆராயி சிரித்தபடி பஸ் ஏறுகிறாள். வேதா வாசலையே பார்த்துக்கொண்டு...

கொலைக்கதையில் ஒரே வரியில் ஆளைத் தீர்த்துவிடுகிறவன் நான். இதில் கை ஓடவில்லை. நரம்பெடுக்கும் கம்பியைப் பிடித்தபடி வேதா காத்திருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம். ஆராயி வாயைத் திறந்தே வைத்திருக்கிறாள்.