மாப்பிள்ளை பார்க்காத முகம்

தேவநாதன் மாலையோடு கூடத்துக்குள் கால் வைத்ததுதான் தாமதம், மைத்துனன் கலியமூர்த்தி பாய்ந்து போய், செத்துக் கிடந்த தாயாரின் முகத்தில் முந்தானையை இழுத்து மூடினான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. நீங்க வந்தா மூடிடணும்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

தேவநாதனுக்குச் சப்பென்று போய்விட்டது. தந்தி வந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு, கூடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே சிதம்பரம் வந்தது எதற்கு? அந்த முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதானே!

பெண் பார்க்கப் போன நாளிலிருந்தே மாமியார் ஞானாம்பாள் அவன் எதிரில் வந்ததே கிடையாது. மருமகன் முன்னால் நிற்பது மரியாதையில்லை என்பது அவள் சட்டம். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். "மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி நெய் ஊத்துடி" என்று மகளுக்கு உத்தரவு போகும். எதிரில் வராத அம்மாளுக்கு அவன் இலை மட்டும் எப்படித்தான் தெரியுமோ! கூடலூருக்கு வந்திருந்தபோது ஒருநாள் அவன் சீக்கிரமே வீடு திரும்பிவிட, நெல் குதிருக்குப் பின்னால் புகுந்துகொண்டு, அவன் தூங்கி எழுந்து போகும்வரை தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றவள் அவள்.

தாயாரைப் பார்த்துக்கொள்ள முன்னமே வந்திருந்த மனைவி மலர்க்கொடி தோட்டத்துப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் போய் மனத்தாங்கலைக் கொட்டினான்.

"அறுபத்தஞ்சுல டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில கெடந்தேன். நீ பிரசவத்துக்கு இங்க வந்துட்ட. அப்பவே எட்டிப் பாக்காதவங்க, இப்பவா மூஞ்சியைக் காட்டப் போறாங்க? பக்கத்துக் கட்டிலுக்குத் தொணைக்கு வந்த ஊமைப் பொம்பள கஞ்சி ஊத்துனதால பொழச்சேன்."

மலர்க்கொடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது ஊமையில்லீங்க. அம்மாதான்."

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்றுதான் பேசவில்லையாம். பச்சை உடம்புக்காரியைத் தன் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாளாம். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தம் என்று அவனாக நினைத்துக்கொண்டது ரொம்ப வசதியாகப் போயிற்றாம்.

தேவநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஊமைக்குக் காதும் கேட்காது என்ற தைரியத்தில் அவளிடமே மாமியாரைப் பற்றி வண்டி வண்டியாகப் புலம்பியிருந்தான். தான் செத்தாலும் அந்தம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் அழும் என்றுகூடச் சொன்னான். குனிந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவளின் தோள் குலுங்கியது. பாவம், இருமுகிறாள் என்று நினைத்திருந்தான்.

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம், மனுஷன் கூச்சப்படுவாருன்னு என் வாயைக் கட்டிட்டாங்க."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, தாயைப் பறிகொடுத்தவன் மாதிரி கோவென்று அழுதான். எட்டிப் பார்த்த பெண்கள், இப்படியும் ஒரு மருமகனா என்று தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சுடுகாட்டில் கலியமூர்த்திக்கே மனசு இளகிவிட்டது.

"சட்டமாவது ஒண்ணாவது. வாங்க மாமா, கடைசியா ஒருதரம் பாத்துடுங்க" என்று கோடித்துணியை விலக்கப் போனான்.

தேவநாதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மச்சான். நான் பாத்திருக்கேன்."

காற்று ஒரு பக்கத் துணியைத் தூக்கியது. தேவநாதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவி ஓரத்தைச் செருகிவிட்டான்.